சித்தப்பாவின் மானமும் ஞாயிற்றுக்கிழமை பான்கேக்கும்

பெருமதிப்புக்கும் பேராபத்துக்கும் உரிய சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள் அநேக வணக்கங்களுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அடுப்பு மட்டும் இப்போதுதான் தேறி வருகிறது.

உங்கள் கடிதம் கிடைத்தது. வெந்நீர் வைக்க மட்டும்தான் தெரியும் என்று ‘வெந்நீர் மாப்பிள்ளை’ என்றே உங்களைக் கூப்பிடும் மாமனாரிடம், ஞாயிற்றுக்கிழமை உங்கள் கையாலேயே பான்கேக் சுட்டுப் போடுவதாகச் சவால் விட்டுவிட்டீர்களாம். தோற்றால் ஆயுசுக்கும் அந்தப் பெயர்தானாம். யாரிடமும் மூச்சுவிடாமல் சொல்லிக்கொடு என்கிறீர்கள். கவலை வேண்டாம். போன வாரம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். அதில் எதையும் செய்யாமல் இருந்தாலே நீங்கள் ஜெயித்த மாதிரி.

முதலில் மாவு. மைதா, சர்க்கரை, கொஞ்சம் பேக்கிங் பவுடர், துளி உப்பு, அதில் பாலும் முட்டையும் உருக்கிய வெண்ணெயும் ஊற்றி லேசாகக் கிளறினால் போதும், அங்கங்கே கட்டி இருந்தாலும் விட்டுவிடணும் என்று நான் படித்துப் படித்துச் சொல்லியும் என் அண்ணன் கேட்காமல், ஜிம்முக்குப் போகாத நாளுக்கெல்லாம் சேர்த்து மாவை அடி அடி என்று அடித்ததில், வந்தது பான்கேக் இல்லை, செருப்பு. “நல்லா மெல்லு, பல்லுக்கு நல்லது” என்கிறான்! கலந்த மாவைப் பத்து நிமிஷம் சும்மா விட வேண்டும். சும்மா இருப்பது உங்களுக்குக் கைவந்த கலை என்பதால் அதை விளக்கவில்லை. அப்புறம் அப்பா வந்தார். “தீயைக் கூட்டினா சீக்கிரம் ஆயிடும், இதுகூடத் தெரியாதா?” என்று கூட்டினார், வெளியே கரி, உள்ளே பசை. மிதமான தீதான் சித்தப்பா! மேலே குமிழ் வந்து உடைந்து ஓட்டை ஓட்டையாக நின்றதும் திருப்ப வேண்டும். ஒரே திருப்பம்தான், இது மர்மக்கதை இல்லை. திருப்பியபின் கரண்டியால் அமுக்கவே கூடாது. அப்பா அமுக்கினார், சப்பிப்போனது. அடுத்ததைத் திருப்புவதற்கு மேலே தூக்கிப் போட்டார். (“தூக்கிப் போட்டாத்தான்ப்பா ஸ்டைல்” என்று சொன்னது யார் என்பது இந்தக் கடிதத்துக்குச் சம்பந்தமில்லாதது.) போனது போனதுதான், திரும்பி வரவில்லை. எல்லோரும் அண்ணாந்து நின்றோம். மறுநாள் ஃப்ரிட்ஜுக்கு மேலே கிடைத்ததை எடுத்து அம்மா ஜன்னலைத் துடைத்துவிட்டு, “நல்லா துடைக்குதே, எங்க வாங்கினீங்க?” என்றார்.

கடைசியாக, முதல் பான்கேக் எப்போதும் சொதப்பும். அதை நீங்களே தின்று தடயத்தை அழித்துவிடுங்கள். கருகிய பக்கத்தைக் கீழே மறைத்துத் தட்டில் வைக்கும் யோசனையும் வேண்டாம். காலமெல்லாம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர் உங்கள் மாமனார். எதைக் கொடுத்தாலும் பின்பக்கம் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் தவாவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

இப்படிக்கு,
ரகசியம் காக்கும் அண்ணன் மகள்

பின்குறிப்பு: உறை தேடப் போனபோது இதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டேன். உங்கள் வீட்டுக்கு வரும் வழியில் உங்கள் மாமனார் நேற்றே இங்கே வந்து இறங்கியிருப்பதை மேலே சொல்ல மறந்துவிட்டேன். கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை; நேரே அடுப்படிக்குப் போய், இதில் உள்ளபடியே சுட்டார். பஞ்சு மாதிரி வந்தது, சித்தப்பா, பஞ்சு! உங்களுக்கு ஒரு செய்தியும் சொன்னார்: “மாப்பிள்ளைக்கு எழுதும்மா. ஞாயித்துக்கிழமை பான்கேக்கை நானே சுட்டுக்கறேன். காபிக்கு அவர் வெந்நீர் மட்டும் வச்சாப் போதும். அதுல அவரை அடிச்சுக்க ஆளே இல்ல.”