உன் மகளை அழைத்துப்போ, அக்கா

பாசத்துக்குரிய அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர அனைத்தும் சௌக்கியம். அங்கே நீயும், அத்தானும், அத்தானின் இருமலும் எப்படி? போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். "காது கேட்காத பிள்ளை, வேலைக்குச் சேர்ந்து மூணு மாசமாச்சு, கஷ்டம்னா சொல்லிடு, ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று கேட்டிருந்தாய். கஷ்டம்தான். வந்து கூட்டிக்கொண்டு போ. கஷ்டப்படுவது அவளல்ல, நான்.

எங்கள் குடைத் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவு பதினெட்டு வருஷமாக என் தொண்டையால்தான் நடந்தது. உன் வாலு சேர்ந்த அன்னிக்கு, உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கட்டும்னு வாயை அகலத் திறந்து ஒவ்வொரு எழுத்தா சொன்னேன். அவ போன்ல எழுதிக் காட்டறா: "மாமா, பல் வலியா?" சரி, வண்டி கிண்டி மோதிடப் போகுதேன்னு ஒரு சிவப்புக் குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு அவளுக்கு முன்னாடி நடந்தேன். அவளையே திரும்பித் திரும்பிப் பார்த்ததுல, பெட்டி தூக்குற வண்டி மோதினது எனக்குத்தான். வண்டிக்காரர் ஹாரன் அடிச்சாராம், எனக்குக் காது கேக்கலையாம்! மெஷின் போடுற சத்தத்துல யாருக்குத்தான் கேக்கும்? மறுநாளே அவ மேனேஜருக்கு எழுதிக்கொடுத்து வண்டி மேல மின்னுற விளக்கு வைக்க வெச்சுட்டா. அதுக்கப்புறம் யாரும் அடிபடலை. அந்தப் பெருமை எல்லாம் என் முழங்காலுக்கு.

அதோட விட்டாளா? மதிய இடைவேளையில மொத்தப் பிரிவுக்கும் சைகை மொழி பாடம் எடுக்கறா. முப்பது பேரும் கத்துக்கிட்டாங்க. இப்போ "டேப் தீந்துபோச்சு, பெட்டி அனுப்பு" எல்லாம் இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு சத்தமே இல்லாம போகுது. நான் மட்டும் நடுவில நின்னு கத்தறேன். ஒருத்தி கையை ஆட்டினா மத்த எல்லாரும் சிரிக்கறாங்க. "என்னம்மா ஜோக்கு?"ன்னு கேட்டா, "அது பெரிய கதை சார்"ங்கறாங்க. பாடத்துக்கு நான் போகலை. சூப்பர்வைசர் போய் பெஞ்சுல உட்கார்ந்து அக்கா மககிட்ட பாடம் படிக்கறதா? மானம் போயிடாது?

போன செவ்வாய்க்கிழமைதான் உச்சம். எங்க குடையை வாங்குற வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க, "ஒரு குடையும் முழுசா விரியலை, கப்பல் சரக்கு மொத்தத்தையும் திருப்பி அனுப்பறோம்"னு வீடியோவுல வந்துட்டாங்க. திரும்பி வந்தா எங்க பிரிவை இழுத்து மூடவேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து சத்தம் போயிடுச்சு. நானும் மேனேஜரும் "ஹலோ, கேக்குதா?"ன்னு கால் மணி நேரம் கத்தினோம். அந்தப் பக்கமும் வாய் அசையுது, அவ்வளவுதான். உன் மக வந்தா, என்னை நாற்காலியோட ஓரமா உருட்டிவிட்டுட்டு கேமரா முன்னாடி நின்னா. குடையைக் காட்டி, விரிங்கன்னு கைஜாடை. அங்கே ஒரு அம்மா விரிச்சாங்க, பாதியில நின்னுச்சு. இவ உத்துப் பார்த்தா. வழியில குடை தானா விரியாம இருக்க தண்டுல ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டுவோம், அவங்க அதைக் கழட்டவே இல்லை! இவ ஒரு குடையில வளையத்தைக் கழட்டி எறிஞ்சுட்டு, பட்டுனு விரிச்சுக் காட்டினா. அவங்களும் கழட்டினாங்க, பட்டுனு விரிஞ்சுது. ஆறே நிமிஷம். ரெண்டு பக்கமும் ஒரே கைதட்டல்.

வளையத்தைக் கழட்டச் சொல்லி நாலு மொழியில சீட்டு அச்சடிச்சவன் நான். எந்த நாட்டுலயும் ஒருத்தரும் படிக்கலை. இனிமே அவ வரைஞ்ச படம்தான் போகுமாம். குடையை விரிச்சு சோதிக்கிற மேஜைக்கு அவதான் பொறுப்பாம். இவளைப் பார்த்துட்டு, அடுத்த வாரம் சக்கர நாற்காலிக்காரர் ஒருத்தரையும் சேர்த்து இன்னும் நாலு மாற்றுத்திறனாளிங்களை எடுக்கறாங்க, வாசப்படியை இடிச்சு சாய்தளம் போடறாங்க. வந்த அன்னிக்கு இவளைப் பத்திரமா மூலையில உட்காரவெச்சு லேபிள் ஒட்டச் சொன்னவன் நான்தான்க்கா. நினைச்சா வெட்கமா இருக்கு. தினமும் வெட்கப்பட என்னால ஆகாது. ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வந்துடு.

அத்தானுக்கு என் வணக்கமும், அவர் இருமலுக்கு வெந்நீரும். உன் ஆசியை வேண்டும்,
தொண்டை கட்டிப்போன தம்பி.

பி.கு.: ஞாயித்துக்கிழமை வராதே. இந்தக் கடிதத்தை அவகிட்ட காட்டாம அனுப்ப மனசு வரலை, காட்டிட்டேன். முழுசா படிச்சா. பழுதான குடைக்குக் கட்டுற சிவப்புச் சீட்டை எடுத்து, காரணம் எழுதி, கடிதத்துல கட்டித் திருப்பிக் கொடுத்துட்டா: "சூப்பர்வைசர் ஒரு நாளும் பாடத்துக்கு வரவில்லை. சரிசெய்து கொண்டுவரவும்." இன்னிக்கு மதியம் முதல் பெஞ்சுல போய் உட்கார்ந்தேன். வண்டிக்காரர் பக்கத்துல உட்கார்ந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தார்: "போகாதே." அவ முன்னாடி நின்னு செஞ்சு காட்டினேன். கட்டைவிரல் தப்புன்னு ரெண்டு தடவை திருத்தினா. மூணாவது தடவை சிவப்புச் சீட்டைக் கழட்டிட்டு, சோதனையில தேறின குடைக்குக் கட்டுற பச்சைச் சீட்டைக் கட்டினா. அதோடதான் இந்தக் கடிதம் வருது.