எழுபதில் நின்றுபோன பீமன்

தன்னிடம் பலம் இருப்பதாக நம்புகிறவன் ஆபத்தில்லாதவன். அதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவன்தான் ஆபத்தானவன். இருபத்திரண்டு வயதில் நான் இரண்டாவது ரகம். அப்போது போடிநாயக்கனூர்த் தெருக்களில் என்னைப் பார்த்திருந்தால், பக்கத்துக்கு ஒரு தேங்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கிறவன் என்று நினைத்திருப்பீர்கள். தேங்காய் எதுவும் கிடையாது. மார்பு விரிந்துவிட்டதால் கை உடம்போடு ஒட்டவில்லை என்று ஊருக்குத் தெரிவிப்பதற்காக நானே பழகிக்கொண்ட நடை அது.

எழுபதுகளின் கடைசி. எங்களுக்குச் சிலமலையில் தோட்டம். அப்பாவும் அண்ணனும் விவசாயம் பார்த்தார்கள். நான் சாயங்காலமானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போடிக்குப் போய்விடுவேன். அங்கே என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் சிக்கந்தரின் அத்தாவுக்கு ஏலக்காய் வியாபாரம். அவர்கள் குடோனுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் எங்கள் உடற்பயிற்சிக் கூடம். லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய ஓர் இரும்புக் கம்பி. அதன் இரண்டு முனையிலும் மாட்டுவதற்கு, டின்னை அச்சாக வைத்து நாங்களே ஊற்றிய சிமெண்டுச் சக்கரங்கள். ஏலக்காய் மூட்டை நிறுக்கிற தராசில் சக்கரங்களையும் நிறுத்து, மேலே கரியால் கிலோவை எழுதியிருந்தோம். (என்னையும் அதில்தான் நிறுத்துக்கொள்வேன். அறுபத்திரண்டு கிலோ. சிமெண்டுச் சக்கரம்தான் பார்க்க என்னைவிட ஆரோக்கியமாக இருக்கும்.)

முதல் வருஷம் சும்மா சொல்லக்கூடாது, நாற்பது கிலோவில் தொடங்கி எழுபது கிலோவைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன். பிறகு நின்றுவிட்டது. ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, பதினோரு மாதம். எழுபது வரைக்கும் நல்ல பிள்ளையாக வந்த கம்பி, எழுபத்தைந்து ஆனதும் நெஞ்சுவரை வரும். அங்கே நின்று என்னை ஒருமுறை பார்க்கும். அப்புறம் இறங்கிவிடும்.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். முடி வெட்டுகிறவர் பச்சை முட்டை என்றார். டீக்கடைக்காரர் ஆட்டுக்கால் சூப்பு என்றார். எங்கள் அம்மா உளுந்தங்களி கிண்டினார். எல்லாவற்றையும் ஒரே நாளில் சாப்பிட்டுப் பார்த்தேன். அன்று எடை தூக்க முடியாததற்குக் காரணம் வேறு, அதை இங்கே எழுத முடியாது. சாயங்காலம் மட்டும் பழகினால் போதாது என்று காலையிலும் பழகினேன். ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை.

அப்பாவுக்கு இந்தச் சங்கதியே பிடிபடவில்லை. "தோட்டத்துல புண்ணாக்கு மூட்டையை எறக்கச் சொன்னா கையி வலிக்குதுங்கிறான். அங்க போயி சிமெண்ட்டைத் தூக்குறான், திரும்ப எடுத்த எடத்துலயே வக்கிறான். இதெல்லாம் ஒரு சோலியாடா?" என்பார். நியாயமான கேள்விதான். பதில் இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்படி இருக்கும்போது சிக்கந்தர் ஒரு காரியம் செய்தான். கொட்டகைக்கு ஆண்டு விழா எடுப்பதென்று, என்னைக் கேட்காமலே நோட்டீஸ் அடித்துக்கொண்டு வந்துவிட்டான். ரோஸ் நிறத் தாள். ‘போடியின் பீமன் சிலமலை தங்கவேல் அவர்கள் எழுபத்தைந்து கிலோ எடையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவார்.’

"மாப்ளே, நான் எழுவதுதானடா தூக்குறேன்?"

"எழுவதுன்னா நோட்டீசுல எடுப்பா இல்லடா. இன்னும் ஒரு மாசம் கெடக்குல்ல? வந்துரும்."

"பதினோரு மாசமா வராதது ஒரு மாசத்துல எப்படிடா வரும்?"

"நோட்டீசு அடிச்சாச்சுன்னு தெரிஞ்சா வந்துரும்" என்றான் சிக்கந்தர், கம்பிக்கும் ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டவன் மாதிரி.

வந்தது வேறு. பயத்தில் ஒரு நாளைக்கு மூன்று வேளை பழகினேன். ஒரு வாரத்தில் எழுபத்தைந்து வராதது மட்டுமில்லை, எழுபதும் போய்விட்டது. அறுபத்தைந்தைத் தூக்கும்போதே முழங்கால் கடகடவென்று ஆடியது. அதற்குள் பஸ்களிலும் டீக்கடைகளிலும் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டத்துக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. (கடைசியாகச் சொன்னது என் அண்ணனின் வேலை.)

அந்த நேரத்தில்தான் சிக்கந்தர், குரங்கணிக்கு லோடு எடுக்கப் போகிறேன், நீயும் வா, மலைக்காற்று பட்டால் உடம்பு தெளியும் என்றான். ஜீப்பில் போனோம். குரங்கணியில் சின்னச்சாமி என்பவருக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. காய்ந்த சரக்கைச் சாக்கில் கட்டி, ரோட்டுக்குக் கீழே சரிவில் இருந்த தன் கொட்டடியில் வைத்திருந்தார். ஆறு மூட்டை. ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்குக் குறையாது. அங்கிருந்து மேடேறி ஜீப்புக்குக் கொண்டுவர வேண்டும்.

கொண்டுவந்தது அவருடைய மகள். பெயர் பேச்சியம்மாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். மூட்டைக்கு முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு உட்காருவாள். தோளுக்கு மேலே கையை விட்டு மூட்டையின் இரண்டு காதையும் பிடித்து முதுகில் சாய்த்துக்கொள்வாள். ஒரு மூச்சு இழுப்பாள். அவ்வளவுதான், கால் நிமிரும், மூட்டை எழும்பும். மூன்று மூட்டையை இப்படி ஏற்றிவிட்டு, நான்காவதுக்குப் போகும்போது பாடிக்கொண்டு வேறு போனாள்.

போடியின் பீமன் இதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாமா?

"தள்ளிக்கம்மா, நான் தூக்குறேன்" என்றேன்.

"இருக்கட்டும். நீங்க நில்லுங்க."

"விடு தங்கச்சி" என்றான் சிக்கந்தர். "நம்ம தங்கவேலுதான். நோட்டீசு பாக்கல? போடியோட பீமன்."

அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "பஸ்சுல பாத்தேன் அண்ணே. ஆளு பெருசா இருப்பாருன்னு நெனச்சேன்" என்றாள். (அவனை ‘அண்ணே’ என்றாள். என்னை அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.)

அந்த ஒரு வார்த்தை போதுமே. மூட்டையை முதுகில் ஏற்றுவது சாதாரண ஆள் செய்வது, நான் தலைக்கு மேலேயே தூக்கிக் காட்டுகிறேன் என்று அறிவித்தேன். சட்டையைக் கழற்றி சிக்கந்தர் கையில் கொடுத்தேன். குனிந்தேன். இரண்டு காதையும் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்தேன்.

மூட்டை முழங்கால்வரை வந்தது. அப்போது என் இடுப்பில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அதே நேரம் மூட்டையின் வாய்த்தையல் ‘டர்ர்’ என்று பிரிந்தது. பச்சை முத்து மாதிரி ஏலக்காய் சரிவில் கொட்டி, குதித்துக் குதித்துக் கீழே ஓடையைப் பார்க்க ஓடியது. நான் ஓடவில்லை. ஓட முடியவில்லை. குனிந்தவன் குனிந்தபடியே, அரிச்சுவடியில் இருக்கும் ‘ர’ எழுத்து மாதிரி நின்றுவிட்டேன்.

"அய்யய்யோ சரக்கு!" என்று சின்னச்சாமி கத்தினார். சிக்கந்தர் என் சட்டையையே விரித்துப் பிடித்துக்கொண்டு ஏலக்காயின் பின்னால் ஓடினான். எல்லோரும் ஓடினார்கள். போதாக்குறைக்கு மலையில் மேகம் இறங்கித் தூறல் ஆரம்பித்தது.

"யாராச்சும் என்னைய நிமித்துங்கய்யா" என்று என் கால் கட்டைவிரல்களைப் பார்த்துக் கெஞ்சினேன். அவைதான் எனக்குத் தெரிந்தன.

பேச்சியம்மாளின் குரல் கேட்டது. "முதல்ல ஏலக்காயை அள்ளுங்க. அது நனஞ்சா வீணாப் போகும். இவரு நனஞ்சா ஒண்ணும் ஆகாது."

அள்ளி முடித்து, சாக்கைத் தைத்து, ஆறு மூட்டையும் ஏற்றிய பிறகுதான் என் முறை வந்தது. சிக்கந்தரும் சின்னச்சாமியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பார்த்தார்கள். நான் போட்ட சத்தத்தில் இருவரும் விட்டுவிட்டார்கள்.

"மழை வலுக்குது. வெரசா அவரையும் ஏத்து ஆத்தா" என்றார் சின்னச்சாமி, மகளைப் பார்த்து.

அவள் யோசிக்கவே இல்லை. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். என் இரண்டு கையையும் தன் தோளுக்கு மேல் இழுத்துப் பிடித்தாள். ஒரு மூச்சு. அறுபத்திரண்டு கிலோ எழும்பியது. மேடேறிப் போய் ஜீப்பில் மூட்டைகளின் மேல் என்னைக் குப்புறச் சாய்த்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டாள்.

"இடுப்பால இழுத்தா இப்படித்தான் பிடிக்கும். காலு எதுக்கு இருக்கு?" என்றாள்.

மழைக்குத் தார்ப்பாயை மூட்டைகளின் மேலும் என் மேலும் சேர்த்துப் போர்த்தினார்கள். போடி வரைக்கும் ஏலக்காய் வாசத்தில் ஒவ்வொரு பள்ளத்தையும் இடுப்பால் எண்ணிக்கொண்டே வந்தேன். குடோன் வாசலில் ஜீப் நின்றது. சிக்கந்தர் முன்பக்கம் இறங்குவதற்குள், அவன் அத்தா பின்பக்கம் வந்து தார்ப்பாய் மேலே எண்ணிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"என்னடா, ஆறுன்னு சொன்னான், ஏழு கெடக்கு?"

ஏலக்காய்க் கடைகளில் குத்தூசி என்று ஒன்று உண்டு. மூட்டைக்குள் செருகிக் கொஞ்சம் சரக்கை வெளியே எடுத்து, தரம் பார்க்கிற கூரான இரும்புக் குழாய். குடோன் வேலையாள் ஏழாவது மூட்டையின் தரத்தைத் தார்ப்பாயோடு சேர்த்துப் பார்த்துவிட்டார். எந்த இடத்தில் என்று கேட்காதீர்கள். குப்புறக் கிடப்பவனுக்கு மேலே தெரிகிற இடம் ஒன்றுதான்.

நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைகளில் பேரம் நின்றுபோனது. ஓடி வந்தவர்களுக்கெல்லாம் சிக்கந்தரின் அத்தா, "ஒண்ணுமில்லப்பா, நம்ம பீமன்தான்" என்று விளக்கம் சொன்னார். அரை மணி நேரத்தில் செய்தி போடியைத் தாண்டி, எனக்கு முன்னாலேயே சிலமலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வைத்தியர் எண்ணெய் நீவி, பதினைந்து நாள் பலகையில் படுக்க வேண்டும் என்றார். "ஒரு செம்புத் தண்ணியைக்கூடத் தூக்கக்கூடாது." தூக்கவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், எழுந்து மறுபடியும் சாப்பிட்டேன். பதினோரு மாதத்தில் என் உடம்பு பார்த்த முதல் ஓய்வு அது. அப்பா தினமும் எட்டிப் பார்த்து, "சிமெண்டு கொண்டாரச் சொல்லவாடா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கொட்டகைக்குப் போனேன். படுத்தே கிடந்ததில் இருந்த பலமும் போயிருக்கும் என்ற பயத்தோடு அறுபதைப் போட்டேன். அந்தக் குரல் ஞாபகம் வந்தது. காலு எதுக்கு இருக்கு? முதுகை நேராக வைத்து உட்கார்ந்தேன். ஒரு மூச்சு. காலால் தரையை மிதித்துத் தள்ளினேன். அறுபது, தலையணை மாதிரி மேலே போனது. நம்பாமல் எழுபதைப் போட்டேன். அதுவும் போனது. சிக்கந்தர் வாயைப் பிளந்தான். எழுபத்தைந்தை மட்டும் நான் தொடவில்லை. அது வராவிட்டால் ஊரைவிட்டு ஓட வேண்டியிருக்கும். வேலைநிறுத்தம் இல்லாமல் பஸ் ஓடுகிறதா என்று மட்டும் விசாரித்து வைத்தேன்.

விழா நாள். பெஞ்சுகளை அடுக்கி மேலே பலகை பரப்பிய மேடை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தலைமை. கூட்டத்துக்குக் குறைவில்லை. பீமனைப் பார்க்க வந்தவர்கள் பாதி, ஏழாவது மூட்டையைப் பார்க்க வந்தவர்கள் பாதி. மேடையை ஒட்டி அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏலத்துக்குச் சரக்குக் கொண்டுவந்த சின்னச்சாமியும் நின்றார். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் பேச்சியம்மாள். அவளைப் பார்த்ததுமே இடுப்பு லேசாக வலித்தது.

கம்பியைப் பிடித்தேன். உட்கார்ந்தேன். மூச்சு. கால். எழுபத்தைந்து நெஞ்சுக்கு வந்தது. வழக்கமாக அது என்னைப் பார்க்கிற இடம். இந்தத் தடவை நான் பார்க்க விடவில்லை. மறுபடியும் காலை மடக்கித் தள்ளினேன். கை நீண்டுவிட்டது. தலைக்கு மேலே ஆகாயத்துக்குப் பதில் சிமெண்டு தெரிந்தது!

சனம் விசிலடித்தது. தலைமையாசிரியரே எழுந்து கைதட்டிவிட்டு, உட்கார்ந்து சோடாவை எடுத்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் கம்பியை இறக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது. அப்படியே சிரித்துக்கொண்டு நின்றேன். கால் ஆட ஆரம்பித்தது. மேடையும் சேர்ந்து ஆடியது.

"ஏங்க, எறக்குங்க! மறுபடியும் என்னால சுமக்க முடியாது!"

பேச்சியம்மாள்தான். கூட்டம் வெடித்துச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவன் கையில் கம்பி நிற்குமா? ஓர் அடி பின்னால் நகர்ந்து கம்பியை விட்டுவிட்டேன். சிமெண்டுச் சக்கரம் பலகையைப் பிளந்துகொண்டு உள்ளே போனது. மேடை ஒரு பக்கம் சாய, தலைமையாசிரியர் நாற்காலியோடு மெதுவாக வழுக்கி, கையில் சோடா சிந்தாமல் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றார்.

அப்பா என்னைப் பாராட்டவில்லை. "அந்தப் புள்ள யாரு?" என்று மட்டும் கேட்டார். விசாரித்ததில் தூரத்துச் சொந்தம் என்று தெரிந்தது. அடுத்த வாரமே குரங்கணிக்குப் பெண் கேட்கப் போனார். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று பேச்சியம்மாளிடம் கேட்டதற்கு, "எடை தெரிஞ்ச ஆளுதானே" என்றாளாம்.

எழுபத்தைந்துக்கு மேல் நான் தூக்கவே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு புண்ணாக்கு மூட்டை தூக்க ஆரம்பித்தேன், காலால்.

போன பொங்கலுக்குப் பேரன் பேத்திகளைச் சுற்றி உட்கார வைத்து அந்த எழுபத்தைந்து கிலோவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கையை உயர்த்திக் காட்டுகிற கட்டத்தில் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"அவரு தூக்குனது எழுவத்தஞ்சு. அவரையே தூக்குனது நானு. அவரு அப்ப அறுபத்திரண்டு கிலோ. ரெண்டையும் கூட்டி, என் கணக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க பாப்போம்."

என் சின்னப் பேத்தி விரல் விட்டு எண்ணி, "நூத்தி முப்பத்தேழு!" என்று கத்தினாள்.

இந்தக் கூட்டல் தப்பு என்று நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்வதாக இல்லை. சிக்கந்தர் உட்பட.