துரை எனக்கு மட்டும்தான் அடங்குவார்

‘எனக்கு மட்டும்தான்’ என்று உலகத்தில் ஓர் இனம் உண்டு. ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு, வயது வரம்பெல்லாம் கிடையாது. அந்த வீட்டுக் குழாய் இவர் திருகினால்தான் சொட்டாமல் நிற்கும். அந்த மேனேஜர் இவர் பேசினால்தான் இறங்கி வருவார். அந்தப் பீரோவை இவர் முழங்காலால் ஓர் இடி இடித்து, அதே நொடியில் சாவியைத் திருப்பினால்தான் திறக்கும். எந்த இடத்தில் இடிக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் சொன்னா வராதுங்க, கைப்பழக்கம்” என்பார். ஓர் ஆளைக் கூப்பிட்டுப் பீரோவைச் சரிசெய்துவிடலாமே என்கிறீர்களா? நீங்கள் நல்லவர்தான், விவரம் பத்தாது. பீரோ ஒழுங்காகத் திறக்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் இவரை யார் கூப்பிடுவார்கள்?

இந்த இனத்தின் முழு அழகையும் பார்க்க வேண்டுமானால், அதன் கையில் ஒரு முரட்டு நாயைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

அப்படி ஒருவர் இருக்கிறார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் செக்‌ஷன் தலைவர். அந்த ஆபீஸின் ஜெராக்ஸ் மெஷின் காகிதத்தைக் கடித்துக்கொண்டால் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முதுகால் மறைத்துக்கொண்டு, பக்கவாட்டு மூடிக்குள் கையை விட்டு என்னவோ செய்வார். என்ன செய்வார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. கஷ்டம் என்று யார் வாயைத் திறந்தாலும் முதலில் ஓடி வந்து நிற்பார் என்பதால் மச்சினன் அவருக்கு ‘ஆபத்பாந்தவர்’ என்று பெயர் வைத்தான். வாய் நிறைய வருகிறதே என்று வீட்டில் அதைச் சுருக்கிப் ‘பாந்தவர்’ ஆக்கிவிட்டார்கள். அவர்தான் ஒருநாள் தெருநாய்க் காப்பகத்துக்குப் போய், வாலாட்டிக்கொண்டு ஓடி வந்த சாதுக்களையெல்லாம் தாண்டி, கடைசிக் கூண்டில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதைத் தத்தெடுத்து வந்தார். துரை என்று பெயரும் சூட்டினார். மனைவியை ‘ஏய்’ என்று கூப்பிடுகிறவர் நாயை ‘அவர்’ என்பார்.

காப்பகத்தில் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: “ரோட்டுல கிடைச்சுதுங்க. சாப்பாட்டுப் பக்கம் போனா உறுமும். புது ஆளுங்கன்னா பயப்படும்.” அதை வைத்துக்கொண்டு பாந்தவர் ஒரு சரித்திரமே எழுதிவிட்டார். கூரியர்காரரின் கால்சட்டை கிழிந்ததா? “தொப்பி போட்ட ஆள் யாரோ அந்தக் காலத்துல இவரை அடிச்சிருக்கான்.” மச்சினன் சோபாவில் உட்காரப் போய் அலறிக்கொண்டு எழுந்தானா? “நீ பொத்துன்னு உக்காந்தே பாரு, அதான். அவருக்கு மரியாதை முக்கியம்.” பக்கத்து வீட்டுக்காரர் வெளிக்கதவில் கை வைத்ததற்கே துரை எகிறினாரா? “நேர்மையான ஆள்னா ஒண்ணும் பண்ண மாட்டாரே.” பக்கத்து வீட்டுக்காரர் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வருவதில்லை.

கடி வாங்கப் பார்த்தவர்கள் எல்லாரும் குற்றவாளிகள், கடிக்கப் பார்த்தவர் மட்டும் நிரபராதி. அதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் துரை சீறும்போது பாந்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாய் “சீ, தப்பு, வேணாம்” என்று திட்டும். முகமோ மகன் பரிசு வாங்கியதைக் கேட்ட தகப்பனின் முகம் மாதிரி மலர்ந்து கிடக்கும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றி இறுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் துரையின் தலையைத் தடவித் தடவி, “பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல. எனக்கு மட்டும்தான் அடங்குவார்” என்பார்.

அந்த ‘மட்டும்தான்’ இருக்கிறதே, அது அவருக்கு வாயில் போட்ட கற்கண்டு.

வீட்டில் அவர் மனைவி பட்ட பாட்டைக் கேட்க வேண்டாம். சோபா துரைக்கு. ஹாலின் நடுப்பகுதி துரைக்கு. படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போக, அந்த அம்மாள் ஒரு தலையணையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, சுவரில் முதுகை ஒட்டியபடி நகர்ந்து நகர்ந்து போவாள். ஒருநாள் சாப்பாட்டுக் கிண்ணத்தருகே பெருக்கப் போனவளின் விளக்குமாற்றைத் துரை பறித்து இரண்டாக்கினார். விளக்குமாறு அவரை முறைத்திருக்கும் என்றார் பாந்தவர்.

இப்படியே போயிருக்கும். ஆனால் மகளிடமிருந்து போன் வந்தது. அவள் வீட்டில் மராமத்து வேலையாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு சில மாதம் இங்கே வந்து தங்கப்போகிறாளாம். குழந்தை இப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறது. நாலு காலில் எது போனாலும் பின்னாலேயே போகிறது.

மனைவி தலையணையைக் கீழே போட்டாள்.

“இதோ பாருங்க. பேரன் வர்றதுக்குள்ள அது திருந்தணும். இல்லன்னா காப்பகத்துக்கே திருப்பி அனுப்பிடுவேன். என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியும்.”

தெரியும். அதனால்தான் பாந்தவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கடிக்கிறது என்று திரும்பிப் போகும் நாயை வேறு எந்த வீடும் எடுக்காது, ஆயுசு முழுக்க அந்தக் கடைசிக் கூண்டுதான். துரை மேல் அவருக்கு இருந்த பாசம் பொய்யில்லை. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆகவே கால்நடை டாக்டரை வீட்டுக்கே வரவழைத்தார்கள்.

டாக்டரம்மா நல்ல அனுபவசாலி. வாசலில் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், அது உறுமறப்போ எல்லாம் நீங்க தடவிக் குடுக்கறீங்க. ‘சபாஷ், இன்னும் உறுமு’ன்னு அது எடுத்துக்கும். கயிறை வேற இழுத்துப் பிடிக்கறீங்க. ஏதோ ஆபத்து வருதுன்னு அதுக்குப் பயம் வந்துடும்.” பிறகு வழியும் சொன்னார். சமையலறை வாசலில் ஒரு குட்டைக் கதவு போட வேண்டும். அதற்கு உட்புறம் நாய்க்கென்று ஒரு விரிப்பு, ஆள் வந்தால் அங்கே போய்ப் படுக்க வேண்டும், படுத்தால் தின்பண்டம். குழந்தைக்கும் நாய்க்கும் நடுவில் அந்தக் கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும். சாப்பிடும்போது கிண்ணத்தைப் பிடுங்கக் கூடாது. தூரத்திலிருந்து இன்னும் ருசியானதைப் போட்டுவிட்டு நகர வேண்டும். “முக்கியமா, இனிமே அம்மாவும் சாப்பாடு வைக்கணும். நீங்க மட்டும் வைக்கக் கூடாது.”

பாந்தவருக்குக் கடைசி வாக்கியம் காதில் ஈயம் மாதிரி இறங்கியது.

“அவருக்கு என் கை வாசனை இல்லாட்டி இறங்காதுங்களே.”

“பசிச்சா இறங்கும்” என்றார் டாக்டரம்மா.

ஆனாலும் மனைவி வைத்த கிண்ணத்தைப் பாந்தவர் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் விடுவார். மனைவி விரிப்பைக் காட்டி “இடத்துக்கு” என்று சொல்லிப் பழக்கினால், இவர் சோபாவிலிருந்து நைசாக ஒரு ‘ச்சு’ கொட்டுவார். துரை பாவம், பாதி வழியில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார். ஆனால் பாந்தவருக்கு ஆபீஸ் என்று ஒன்று இருந்தது. அவர் ஜெராக்ஸ் மெஷினைக் காப்பாற்றப் போன நேரமெல்லாம் மனைவி துரையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாலை அவர் வீடு திரும்பியபோது மனைவி தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் துரை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவள் எழுந்து, அவரைத் தாண்டி, ஆமாம், துரையைத் தாண்டி, “டேய், தள்ளிப் படுடா” என்று சொல்லிவிட்டுப் போனாள். துரை தள்ளிப் படுத்தார்.

சந்தோஷப்பட வேண்டிய மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அப்போதே துரையை ஆட்டோவில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொண்டு போனார்.

“டாக்டர், இவருக்கு உடம்புக்கு என்னமோ ஆயிடுச்சு. உறுமவே மாட்டேங்கறார்.”

டாக்டரம்மா நாயைச் சோதிக்கவில்லை. இவரைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மகள் வரும் நாள் வந்தது. அழைப்பு மணி அடித்தது. மனைவி “இடத்துக்கு” என்றாள், துரை விரிப்பில் போய்ப் படுத்தார், குட்டைக் கதவு சாத்தியாயிற்று. இடுப்பில் குழந்தையோடு உள்ளே வந்த மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “இதுவாப்பா அந்த முரடு? பாவமா படுத்திருக்கு” என்றாள்.

பாவமாம்! பாந்தவரால் அதைத் தாங்க முடியுமா?

“அப்படியெல்லாம் நினைச்சுடாதே. பக்கத்துல வராதே. இரு, நான் பிடிச்சுக்காட்டறேன்” என்று கதவைத் திறந்து, கயிற்றை மாட்டி, மணிக்கட்டில் சுற்றி, ஹாலுக்கு இழுத்து வந்தார். கழுத்து இறுகி, முன்னங்கால்கள் தரையை விட்டு எழும்ப, துரை திகைத்துப்போய்ச் சுற்றிலும் பார்த்துவிட்டு, பழையபடி தொண்டையிலிருந்து உறுமினார். குழந்தை வீரிட்டது. பாந்தவர் முகத்தில், கண்மூடித் திறப்பதற்குள், அந்தப் பழைய மலர்ச்சி வந்து போனதை மனைவி பார்த்துவிட்டாள்.

மகள் வாசல்வரை பின்வாங்கிவிட்டாள். “அம்மா, நான் லாட்ஜ்ல தங்கிக்கறேன். இல்ல, இதைக் காப்பகத்துக்கு அனுப்புங்க. ரெண்டுல ஒண்ணு.”

காப்பகம் என்ற சொல் காதில் விழுந்ததும் பாந்தவர் குனிந்து துரையைப் பார்த்தார். துரை நடுங்கிக்கொண்டிருந்தார். இவ்வளவு காலமும் கோபம் கோபம் என்று தான் பெருமைப்பட்டது இந்த நடுக்கத்தைத்தானா? கயிறு வழியாக அது அவர் கைக்குத் தெரிந்தது.

மனைவி கையை நீட்டினாள். அவர் மணிக்கட்டிலிருந்து கயிற்றைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். பிறகு, அவருடைய பரம்பரையிலேயே யாரும் சொல்லியிருக்க முடியாத ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

“நீயே சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டார்.”

மனைவி கயிற்றைத் தொய்யவிட்டாள். “இடத்துக்கு” என்றாள். துரை ஓட்டமும் நடையுமாகப் போய் விரிப்பில் விழுந்து பெருமூச்சு விட்டார். கதவு சாத்தப்பட்டது. மகள் பெட்டியை உள்ளே இழுத்து வைத்துவிட்டு, “அப்பா, நீங்களும் போய் உங்க இடத்துல உக்காருங்க” என்றாள். உட்கார்ந்தார். மனைவி துரைக்கு ஒரு பிஸ்கட் போட்டாள். அவருக்கும் ஒன்று கொடுத்தாள், டீயோடு.

திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுவாரமே ஆபீஸில் சொல்லிக்கொண்டிருந்தார்: “எங்க வீட்டம்மா சொன்னா துரை கேப்பார். ஆனா கயிறை எந்த நேரத்துல அம்மா கையில குடுக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு பாருங்க, அது எனக்கு மட்டும்தான் தெரியும்.”

சிரித்துவிட்டீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் நாய் இல்லை, நீங்கள் அப்படிப்பட்டவரும் இல்லை. ஆனாலும் ஒரு வாரம் எங்காவது வெளியூர் போய்விட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “நான் இல்லாம ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். “இல்லையே, எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு” என்று உள்ளேயிருந்து பதில் வரும். அப்போது உங்கள் தொண்டையில் ஏதோ ஒரு சத்தம் எழும்பும். அதை வெளியே விட்டுவிடாதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கலாம்.