மெத்தைக்குப் பதில் மனவலிமை

நெருப்பைக் கண்டுபிடித்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. சக்கரத்துக்கும் அதே கதிதான். ஆனால் கிழிந்த மெத்தைக்குச் சரியான மாற்று மனவலிமையே என்று கண்டுபிடித்தவர்கள் யார் என்பதில் வரலாற்றுக்குக் குழப்பமே வரப்போவதில்லை. அந்தப் பெருமை முழுவதும் தடகளச் சங்கத்தின் செயற்குழுவைச் சேரும். ஏசி அறையில், இரண்டாம் சுற்றுத் தேநீருக்கும் மூன்றாம் சுற்று பிஸ்கட்டுக்கும் நடுவே அது நிகழ்ந்தது.

முதலில் மெத்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். உயரம் தாண்டுகிறவர்கள் ஓடி வந்து, எம்பி, கம்பிக்கு மேலே உடம்பை வளைத்து, அந்தப் பக்கம் முதுகு கீழாக விழுவார்கள். விழுகிற இடத்தில் தடிமனான மெத்தை போட்டிருக்கும். சங்கத்து மைதானத்தில் இருந்த மெத்தையோ நடுவில் குழிந்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சு பொடிப்பொடியாகி, விழுந்தவர்களுக்குத் தரையை நேரிலேயே அறிமுகம் செய்துவைத்துக்கொண்டிருந்தது. அந்த அறிமுகம் அதிகமாகக் கிடைத்தது கொக்குவுக்கு.

கொக்கு என்பது அவளுடைய கால்களின் நீளத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்த பட்டப்பெயர். இப்போது பெற்ற தாயே அப்படித்தான் கூப்பிடுகிறாள். இன்னும் சில மாதங்களில் கடல் கடந்து நடக்கப்போகும் பெரிய போட்டிக்குப் போக வேண்டும், அங்கே ஒரு தடவையாவது தாண்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் கொக்குவின் ஆசை. வேலை, கல்யாணம், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் எல்லாவற்றையும் அதற்குப் பின்னால் தள்ளிவைத்திருந்தாள். குறுக்கே நின்றது ஒன்றே ஒன்று. ஒரு வருஷமாக இடுப்புக்கு மேலே, முதுகின் அடியில் விண்விண்ணென்று ஒரு வலி.

அவளுடைய கோச் சங்கத்திடம் மெத்தை கேட்டார். திரும்பவும் கேட்டார். கேட்டுக் கேட்டு அவருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடைசியில் விஷயம் செயற்குழுவுக்கு வந்தது.

"சார், அந்த உயரம் தாண்டற பொண்ணுங்களுக்கு முதுகு அடிபடுதாம். புது மெத்தை வேணும்னு கோச் நச்சரிக்கிறாரு" என்றார் செயலாளர்.

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். அவர் யோசிக்கும்போது அந்த அறையில் யாரும் பிஸ்கட்டைக் கடிக்க மாட்டார்கள். சத்தம் வரும்.

"புது மெத்தை போட்டா என்ன ஆகும்?"

"மெத்துமெத்துனு விழுவாங்க சார்."

"அதான்யா பிரச்சினை! விழறதுக்கே இவ்வளவு வசதி பண்ணிக் குடுத்தா, மேல போகணும்னு எவளுக்குத் தோணும்?"

பொருளாளருக்குப் புல்லரித்துவிட்டது. கையை நீட்டி, "பாருங்க சார், முடி எப்படி நிக்குதுன்னு" என்று காட்டினார். இது மைதானத்துப் பிரச்சினை அல்ல, மனசுப் பிரச்சினை என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. "அப்போ மனசுக்கு ஒரு ஆள் போடுங்க" என்றார் தலைவர். இப்படியாக 'மனவலிமை மேம்பாட்டுப் பிரிவு' உதயமாயிற்று. அதற்கு ஓர் அறை, ஒரு பெயர்ப்பலகை, புரொஜெக்டர், ஒரு நிபுணர்.

நிபுணர் லேசுப்பட்டவர் அல்ல. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மலையேறப் போய்ப் பாதியிலேயே இறங்கி வந்தவர். அந்தப் பாதி மலையை வைத்துக்கொண்டு, பின்வாங்காமல் இருப்பது எப்படி என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். தூங்கும்போதும் சிரிப்பார் என்று கேள்வி.

முதல் வகுப்பில் அவர் திரையில் ஒரு சிங்கத்தைக் காட்டினார். "இந்தச் சிங்கம் என்னைக்காவது முதுகு வலிக்குதுன்னு சொல்லியிருக்கா?"

கொக்கு மட்டும் கையைத் தூக்கினாள். "சார், சிங்கம் முதுகு கீழா விழாதே."

"எதிர்மறை!" என்றார் நிபுணர், சிரிப்பு மாறாமல். "வலிங்கறது என்னம்மா? உன் உடம்போட கருத்து. எல்லாரோட கருத்தையும் நாம காது குடுத்துக் கேக்கணுமா? வேண்டாமே! அந்த மெத்தையில பள்ளம் இருக்குன்னு நினைக்கற பாரு, அந்தப் பள்ளம் உன் மனசுலதான் இருக்கு."

"அப்போ ஸ்பாஞ்சு யார் மனசுல சார் இருக்கு?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அது கோச்சாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. நிரூபிக்கப்படவில்லை.

நிபுணர் கொண்டுவந்த முறைகளிலேயே தலைசிறந்தது 'கைதட்டல் சிகிச்சை'. விழுந்து அடிபட்டவரை யாரும் தூக்கக் கூடாது. தூக்கினால் அவருடைய மனம் சப்பாணி ஆகிவிடும். சுற்றி நின்று எல்லாரும் கைதட்ட வேண்டும். அவராகவே எழுந்து நிற்கிற வரைக்கும் தட்ட வேண்டும். 'ஐயோ', 'அம்மா', 'தூக்குங்க' என்றெல்லாம் வருவது அவருடைய 'பலவீனக் குரல்'. அது கேட்டால் இன்னும் பலமாகத் தட்ட வேண்டும். இதற்கெல்லாம் மதிப்பெண் உண்டு. தாண்டுகிற உயரத்தோடு அந்த மதிப்பெண்ணும் சேர்ந்தால்தான் அணியில் இடம்.

கொக்கு வேறு என்ன செய்வாள்? பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்தாள். கைதட்டலுக்கு நடுவே எழுந்தாள். வலிக்கிறதா என்று கேட்டால், "இல்ல சார், சூப்பரா இருக்கு" என்றாள். மதிப்பெண் மளமளவென்று ஏறியது.

அவளோடு போட்டி போட்டவள் இன்னொருத்தி. அவளுக்குத் தொட்டாச்சிணுங்கி என்று பெயர். நன்றாகத் தாண்டுவாள். விழுந்தால் வாய்விட்டு அழுவாள். ஒரு தடவை இப்படி அழுதபோது அவளுடைய அப்பா மைதானத்துக்கே வந்து, "யோவ், எவன்யா என் பொண்ணு விழுந்ததுக்குக் கைதட்டுனது?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். நிபுணர் அன்று முழுவதும் தம் அறையில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தியானம் செய்தார். சிணுங்கிக்கு மதிப்பெண் அதலபாதாளத்தில் கிடந்தாலும், உயரம் அவளைக் காப்பாற்றியது.

கொக்குவின் அம்மா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். வலியோடு வருகிறவர்களை நாள் முழுக்கப் பார்ப்பது அவளுடைய உத்தியோகம். ஒரு நாள் மாலை மகளின் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தாளு என்னடி சொல்றான்?"

"வலி வெறும் கருத்துதானாம்மா."

"அப்படியா? எங்க டாக்டர்கிட்ட வரச் சொல்லு. ஊசி போடாம ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, அப்புறம் அவன் கருத்து என்னன்னு கேட்டுக்கலாம்."

"அம்மா, சும்மா இரு. இன்னும் பத்து நாள். செலக்‌ஷன் முடிஞ்சுட்டா அங்க புது மெத்தை இருக்கும். உலகத்துலயே நல்ல மெத்தை."

"மெத்தையில விழறதுக்காடி அவ்வளவு தூரம் பிளேன் ஏறிப் போற?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் வலியில் துடிப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. மகளின் ஆசையைக் கெடுக்கவும் மனம் வரவில்லை.

தேர்வு நாள் வந்தது. கொக்கு தாண்டினாள். தன் வாழ்நாளிலேயே தாண்டாத உயரத்தைத் தாண்டினாள். கம்பி ஆடக்கூட இல்லை. கீழே தரை வழக்கம்போல அவளை வரவேற்றது. கண்ணில் பூச்சி பறந்தது. அதோடு எழுந்து நின்று சிரித்தாள். சிணுங்கியும் தாண்டினாள், அழுதாள், தேர்வானாள். உயரம் தாண்டுதலுக்கு இரண்டு இடங்கள், இரண்டும் நிரம்பின. மனவலிமையில் முதலிடம் கொக்குவுக்கு என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கோச் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொக்கு முதல் வேலையாக அம்மாவுக்கு போன் போட்டாள்.

அத்தோடு எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மைதானத்தில் டிவிக்காரர்கள் இருந்தார்கள். டிவி கேமராவைப் பார்த்த பிறகு சும்மா வீட்டுக்குப் போகிற தலைவர் இன்னும் பிறக்கவில்லை. மைக்கைப் பிடித்தார்.

"விழறதுக்குப் பயப்படறவன் எழ மாட்டான்! இதை நானே செஞ்சு காட்டறேன்!" என்று கோட்டைக் கழற்றிச் செயலாளரிடம் கொடுத்தார். ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, மெத்தைக்கு முதுகைக் காட்டிக் கைகளை விரித்து நின்றார்.

கொக்கு பதறிப்போனாள். "சார், சார், நடுவுல வேண்டாம் சார். ஓரமா விழுங்க. அங்கதான் கொஞ்சம் ஸ்பாஞ்சு இருக்கு."

"எதிர்மறை!" என்றார் நிபுணர்.

"பயமுறுத்தாதம்மா. பள்ளம் மனசுலதான்" என்றார் தலைவர். மல்லாக்க விழுந்தார்.

மெத்தை தன் கடமையைச் செய்தது. பெரியவர், சிறியவர் என்று பேதம் பார்க்கவில்லை. 'டொம்' என்று ஒரு சத்தம். அதற்குப் பின்னால், "ஐயோ, போச்சு! என் இடுப்பு போச்சு!" என்று ஓர் அலறல்.

அந்த நேரத்தில் சங்கத்து வீரர்கள் காட்டிய ஒழுக்கத்தை எத்தனை பாராட்டினாலும் தகும். ஒருவர்கூட ஓடிப்போய்த் தூக்கவில்லை. வட்டமாகச் சூழ்ந்துகொண்டு கைதட்டினார்கள்.

"தூக்குங்கய்யா!"

பலவீனக் குரல் அல்லவா? இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"அடப் பாவிங்களா, நிஜமாவே வலிக்குதுடா!"

கைதட்டல் மைதானத்துச் சுவரில் மோதித் திரும்பியது. நிபுணருக்கோ தர்மசங்கடம். தூக்கினால் சிகிச்சை பொய்யாகிவிடும், தூக்காவிட்டால் உத்தியோகம் போய்விடும். டிவிக்காரர்கள் பார்க்கிறார்களே என்று அவரும் சிரித்தபடி தட்டினார். கோச்சுக்கு இரண்டு கை போதவில்லை. விசில் வேறு அடித்தார்.

கொக்குவால்தான் தட்ட முடியவில்லை. அவருக்கு எந்த இடத்தில் வலிக்கும், மூச்சு எப்படி நின்றுவிடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அவருடைய அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். தூக்கும்போது அவளுடைய முதுகில் ஏதோ சுளீரென்றது. சத்தம் போடவில்லை.

அதற்குப் பிறகு சங்கம் இயங்கிய வேகம் ஓட்டப்பந்தயக்காரர்களையே வெட்கப்பட வைத்தது. மெத்தை கேட்டு ஒரு வருஷமாக அசையாத கை, தலைவருக்காகப் பொழுது சாய்வதற்குள் ஆம்புலன்ஸ், ஸ்கேன், எலும்பு நிபுணர், அலுவலக நாற்காலிக்கு முதுகு தாங்கும் குஷன், வீட்டுக் கட்டிலுக்குப் புத்தம்புது மெத்தை என்று அத்தனையையும் வரவழைத்துவிட்டது. "வலி ஒரு கருத்து" என்று அவரிடம் யாரும் சொல்லப் போகவில்லை. கூடவே ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தால் மட்டுமே வெளிநாடு போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைவர் இல்லாமல் அணி போவது என்பதை யாராலும் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

செயற்குழு அவசரமாகக் கூடியது. பிசியோதெரபிஸ்டுக்கு இடம் வேண்டும் என்றால் அணியில் ஓர் இடம் குறைய வேண்டும். யாரைக் குறைப்பது?

"சார், உயரம் தாண்டறதுலதான் ரெண்டு பேர் இருக்காங்க. அதுல ஒண்ணைக் குறைக்கலாம்" என்றார் செயலாளர்.

"எதைக் குறைச்சா சத்தம் வராது?" என்றார் தலைவர், குஷனில் சாய்ந்தபடி.

எல்லாரும் நிபுணரைப் பார்த்தார்கள். அறிவியல்பூர்வமாக முடிவெடுக்க வேண்டிய கட்டம். நிபுணர் கணினியைத் திறந்தார்.

மறுநாள் அவர் கொக்குவைத் தம் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். "உக்காரும்மா" என்றார்.

"பரவாயில்ல சார். உக்காந்தா வலிக்கும்."

"முதல்ல வாழ்த்துகள்! சங்க வரலாற்றுலயே மனவலிமையில இவ்வளவு மதிப்பெண் யாரும் வாங்கினதில்ல. அவ்வளவு முதுகு வலியோட தலைவரையே தூக்கி நிறுத்தினயே, செயற்குழுவே அசந்துபோச்சு."

"தேங்க்ஸ் சார்."

"அதனால உன்னை அணியிலேர்ந்து நீக்கியிருக்கோம்."

கொக்குவுக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது. "என்ன சார்?"

"ஒரு இடம் குறைக்க வேண்டியதாப் போச்சும்மா. யாரைக் குறைச்சா தாங்குவாங்கன்னு பார்த்தோம். சிணுங்கி தாங்க மாட்டா, அழுவா. அவங்க அப்பா வேற வந்துடுவாரு. நீ தாங்குவே. நிரூபிச்சுக் காட்டியிருக்கே. இதைத் தண்டனைன்னு நினைக்கக் கூடாது. இது ஒரு அங்கீகாரம்."

கொக்கு நின்றபடியே அழுதாள். அந்த மைதானத்தில் கால் வைத்த நாளிலிருந்து அடக்கிவைத்தது எல்லாம் பொலபொலவென்று கொட்டியது. நிபுணரின் சிரிப்பு முதல் தடவையாக ஆட்டம் கண்டது.

"ஐயையோ, அழாதம்மா. மதிப்பெண் குறைஞ்சுடும்."

"குறைஞ்சா திரும்பச் சேர்த்துக்குவீங்களா சார்?"

"பேர் எல்லாம் அனுப்பியாச்சும்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"எனக்கு எதுக்கு சார் இவ்வளவு மதிப்பெண் போட்டீங்க? தலைவருக்கு வந்த வலிய ஒரு சாயங்காலம் உங்க யாராலயும் தாங்க முடியல. என் வலிய மட்டும் ஒரு வருஷமா, சிரிச்ச முகம் மாறாம, எல்லாருமாச் சேர்ந்து எப்படித் தாங்கினீங்க! முதல் பரிசு உங்களுக்குத்தான் சார் குடுக்கணும்."