பல்லுக்கொழுக்கட்டை அன்று போன சப்பாத்துகள்

"கௌரி, ஓடி வா. இந்தாள் என்னவோ சொல்லுது."

சண்முகலிங்கம் வாசற்கதவைப் பிடித்தபடி "யா, யா" என்று தலையாட்டிக்கொண்டு நின்றான். எதிரே நின்றவர் ஹெர் கெர்பர், சுவிஸின் ஓஸ்டர்முண்டிகனில் அந்த அடுக்குமாடிக் கட்டிடத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்வார்ட். வீட்டாரும் வந்திருந்த விருந்தாளிகளும் கழற்றிவிட்டு, வாசலில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்த சப்பாத்துகளைக் காட்டிப் படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

அரைவாசி உடுத்த சேலையைக் கையில் அள்ளிப் பிடித்தபடி ஜெயகௌரி அறையிலிருந்து வந்தாள். சண்முகலிங்கத்தின் தங்கை. யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவள். அந்தக் குடும்பத்துக்கு வந்த முதல் பட்டம். இப்போது பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிறாள். வீட்டில் டொச், அதுதான் ஜெர்மன், தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பது அண்ணனின் கணக்கு.

"படிக்கட்டில சப்பாத்துக் கிடக்கக் கூடாதாம். நெருப்புப் பிடிச்சால் சனம் தடக்குப்பட்டு விழுமாம். இப்பவே எடுக்கட்டாம்."

"ஒரு மணித்தியாலம் பொறுக்கச் சொல்லு."

"சொல்லிப்போட்டன். ஏலாதாம்."

இத்தனை மாதமாக அதே வாசலில் அதே சப்பாத்துக் குவியலைத் தாண்டிப் போன மனிதர். ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. இன்றைக்கென்று பார்த்து வந்திருக்கிறார்.

இன்றைக்குச் சண்முகலிங்கத்தின் குழந்தைக்கு, முதல் பல் முளைத்ததற்குப் பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கு. கடந்த ஆறு மாதத்தில் அந்த வீட்டில் நடந்தவை நான்கு. குழந்தை குப்புறப் படுத்தது. குழந்தை தவழ்ந்தது. எல்லோருமாகத் துன் ஏரி பார்க்கப் போனது. சித்திரை மாதம் தொடங்குகிற ஆய்வுகூடப் படிப்புக்குக் கௌரியை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டது. முதல் மூன்றுக்கும் வடை சுட்டார்கள். நாலாவதற்கு ஒருவரும் அடுப்பு மூட்டவில்லை.

துன் ஏரிக்கரையில்தான் அண்ணன் தில்லைநாயகியைச் சந்தித்தான். தில்லைநாயகிக்கு ஒரு தம்பி, சிவநேசன். டாவோஸில் ஹொட்டல் சமையலறையில் வேலை. ஏரியைப் பார்க்கப் போனவர்கள் அதன் பிறகு ஏரியைப் பார்க்கவில்லை.

"பல்லுக்கொழுக்கட்டைக்குத்தான் வருகினம். அப்பிடியே உன்னையும் பாப்பினம்," என்றிருந்தான் அண்ணன்.

"பாக்கட்டும். நான் டாவோஸுக்குப் போகமாட்டன். எனக்குப் படிப்பு இருக்கு."

"ஆய்வுகூடமோ வந்து உனக்குத் தாலி கட்டப் போகுது?"

"அதுக்குக் கையில்லை அண்ணா. அதாலதான் எனக்கு அதைப் பிடிச்சிருக்கு."

சப்பாத்துகளை இப்போது எங்கே வைப்பது? தூக்கிக்கொண்டுபோய் விறாந்தை மூலையில் வைத்தான். சாய்கதிரையில் இருந்த தில்லைநாயகி எழும்பிவிட்டாள்.

"தம்பி, மேல சாமிப்படம் இருக்கு. கீழ சப்பாத்தோ?"

அப்போது குசினியிலிருந்து சிவமலரின் குரல் வந்தது. கௌரியின் மச்சாள், சண்முகலிங்கத்தின் பெண்சாதி. அதிகம் பேசமாட்டாள், பேசினாலும் கேள்வியாகத்தான் பேசுவாள்.

"இஞ்சேருங்கோ, குளிக்கிற தொட்டிக்குள்ள வைச்சால் என்ன?"

நல்ல யோசனை. வைத்தான். தில்லைநாயகியின் புருஷன் இராஜசிங்கம் கை கழுவப் போய், தொட்டிக் குழாயைத் திருகினார். காலையில் குழந்தையைக் குளிக்க வார்த்த யாரோ குழாயை மேல் பூத்தூறலுக்கு மாற்றி விட்டிருந்தார்கள். இராஜசிங்கம் நனைந்தார். அத்தனை சப்பாத்தும் நனைந்தன.

"பரவாயில்லை, பரவாயில்லை," என்று சொல்லிக்கொண்டே அவற்றைப் பல்கனிக் கம்பியில் வரிசையாகக் கவிழ்த்தான் சண்முகலிங்கம். கீழ் வீட்டு ஃப்ராவ் தன் வெள்ளைப் போர்வையைக் காற்றாட யன்னலில் போட்டிருந்தாள். அடுத்த நிமிஷம் கீழேயிருந்து ஒரு கூச்சல்.

"கௌரி!"

அவள் பல்கனிக்குப் போய்க் குனிந்து பேசிவிட்டு வந்தாள்.

"மன்னிப்புக் கேட்டனியோ?"

"ஊத்தைத் தண்ணியில்லை, குளிக்கிற தண்ணிதான் எண்டு சொன்னன். பொலிசைக் கூப்பிடுவாவாம்."

சண்முகலிங்கத்துக்கு வேர்த்தது. மாசி மாதம், வெளியே பனி கரைந்து சேறாகக் கிடந்தது, அவனுக்கு வேர்த்தது.

"கீழ, கேற்றடியில வைச்சால் ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லைத்தானே?" குழந்தையை இடுப்பில் வைத்தபடி சிவமலர் வந்து நின்றாள். கையில் இரண்டு பெரிய பிளாஸ்ரிக் பைகள். "தபால்பெட்டிக்குள்ள போட்டிருந்தவங்கள். பலசரக்குப் பையைவிடத் தடிப்பு."

"உமக்கும் சில நேரம் மூளை வேலை செய்யுது," என்றான் அவன்.

சப்பாத்துகளைப் பைகளில் போட்டுக் கட்டிக் கீழே கொண்டுபோனான். கேற்றடியில் அதே மாதிரிப் பைகள் ஏற்கெனவே நாலைந்து இருந்தன. திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"மற்ற வீட்டுக்காரரும் அங்கதான் வைச்சிருக்கினம். எங்களுக்குத்தான் இவ்வளவு நாளும் தெரியேல்லை."

அறைக்குள் சேலைக் கொசுவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கௌரி பைகளைப் பார்க்கவில்லை.

குழந்தையை நடுவில் இருத்தினார்கள். தலையில் வெள்ளைத் துணியை விரித்துச் சின்னக் கொழுக்கட்டைகளைக் கொட்டினார்கள். முன்னால் தட்டம் வைத்தார்கள். சண்முகலிங்கம் அடுக்கிய தட்டம் அது: காப்பு, சீப்பு, கண்ணாடி, அரிசி. பெண்பிள்ளை அல்லவா. ஆனால் எப்படியோ கௌரியின் பேனையும் அதற்குள் வந்திருந்தது. அதுவும் குழந்தையின் கைக்குப் பக்கத்தில். குழந்தை பேனையை எடுத்து, புதிய பல்லால் கடித்தது.

"பேனையை எடுத்திட்டுது. கடைக் கணக்குப் பாக்கிற மாப்பிள்ளைதான் வருவான்," என்றாள் தில்லைநாயகி.

"அவளே கணக்குப் பாக்கக் கூடாதோ அக்கா?" என்றாள் கௌரி.

தில்லைநாயகி அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருக்கச் சொன்னாள். சிவநேசன் எதிரே இருந்து தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஓர் ஓட்டை. பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அவன் அதை மறைக்க, மற்றக் காலில் இன்னோர் ஓட்டை தெரிந்தது.

"பிள்ளைக்கு என்னத்தில விருப்பம்?"

"சித்திரையில படிக்கப் போறதில. கலியாணத்தில விருப்பமில்லை அக்கா."

"நல்ல அடக்கம்," என்றாள் தில்லைநாயகி புருஷனிடம். "இந்தக் காலத்தில ஆர் இப்பிடி வெக்கப்படுது."

"வெக்கமில்லை அக்கா. உங்கட தம்பியை எனக்கு வேண்டாம். அவரில ஒரு குறையுமில்லை. எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்."

"ஒளிவுமறைவு இல்லாத பிள்ளை. எங்கட வீட்டுக்கு இதுதான் வேணும்."

கௌரிக்குச் சுவரில் போய் முட்டலாம் போலிருந்தது. தலையாட்டினாலும் சம்மதம், தலையில் அடித்தாலும் சம்மதம் என்றால் ஒரு பெண் எந்த மொழியில்தான் மாட்டேன் என்று சொல்வது? அவளுக்குத் தமிழ் தெரியும், இங்கிலிஷ் தெரியும், டொச்சும் தெரியும். மூன்றும் போதவில்லை.

"படிப்பெல்லாம் கலியாணத்துக்குப் பிறகும் படிக்கலாம் பிள்ளை."

"எனக்கும் அப்பிடித்தான் சொன்னவை," என்றாள் தேத்தண்ணித் தட்டோடு நின்ற சிவமலர். ஆசிரியர் கலாசாலையில் கடைசி வருஷத்தில் இருந்தபோது அவளைக் கூட்டி வந்தவர்கள்.

"தேத்தண்ணியைக் குடும்," என்றான் சண்முகலிங்கம்.

வைகாசியில் நல்ல நாள் இருக்கிறதாம். தாலிக்கொடியைப் பற்றிக்கூடப் பேசியாயிற்று. கௌரி எழும்பி நின்று, "நான் வரமாட்டன்," என்றாள். இராஜசிங்கம் சிரித்தார். "வராட்டி நாங்கள் தூக்கிக்கொண்டு போவம்." எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வந்தவர்கள் துன்னுக்குத் திரும்பும் ரயிலுக்கு நேரமானது. சண்முகலிங்கம் சப்பாத்து எடுக்கக் கீழே போனான். போனவன் வெறுங்கையோடு வந்தான்.

"காணேல்லை."

"எதைக் காணேல்லை?"

"ஒண்டையும் காணேல்லை. மற்றப் பையளையும் காணேல்லை."

கௌரி குசினிக்குப் போனாள். மேசையில் மூன்றாவது பை ஒன்று கிடந்தது. எடுத்து வாசித்தாள்.

"அண்ணா, இது பழைய உடுப்பு, சப்பாத்துச் சேர்க்கிற பை. இண்டைக்கு லொறி வந்து ஏத்திக்கொண்டு போற நாள். இல்லாதபட்டதுகளுக்கும் அகதியளுக்கும் குடுக்கிறதுக்கு."

"நாங்கள்தானே அகதி?"

"ஓம். பொறுத்திருந்தால் எங்களுக்கே கொண்டுவந்து தருவினம்."

தில்லைநாயகி சோபாவில் பொத்தென்று இருந்தாள். சண்முகலிங்கம் ஒரு கடைசி முயற்சி செய்தான். "அக்கா, செருப்புத் துலைஞ்சால் சனி துலைஞ்ச மாதிரி எண்டெல்லோ சொல்லுறவை."

"அது கோயிலில! சம்பந்தம் பேச வந்த வீட்டில இல்லை. முதல் முதல் கால் வைச்ச வீட்டில காலுக்குப் போட்டது போகுதெண்டால், பிறகு என்னென்ன போகுமோ."

"அக்கா சொல்லுறது சரி," என்றாள் கௌரி. அன்று அவள் சொன்னதில் தில்லைநாயகிக்கு விளங்கியது அது ஒன்றுதான்.

வீட்டிலிருந்த சப்பாத்துகளை எடுத்துக் கொடுத்தார்கள். தில்லைநாயகியின் கால் சிவமலரின் எதற்குள்ளும் போகவில்லை. அவள் சண்முகலிங்கத்தின் வேலைச் சப்பாத்தோடு போனாள். இராஜசிங்கம் குளியலறைச் செருப்போடு போனார். சிவநேசன் காலுறைக்கு மேல் பலசரக்குப் பைகளைக் கட்டிக்கொண்டு, பனிச் சேற்றில் சளக் சளக் என்று போனான். அவன் மட்டும் போகும்போது கௌரியைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தான். அவனுக்கும் பாதிப் பாரம் குறைந்திருக்க வேண்டும்.

கதவைச் சாத்தியதும் அண்ணன் திரும்பினான்.

"நீதானே செய்தனி?"

"நான் செய்திருந்தால் ஓமெண்டு சொல்லியிருப்பன். எனக்குப் பொய் சொல்ல வராது. அது உங்களுக்குத் தெரியும்."

அது அவனுக்குத் தெரியும். அதனால் இன்னும் கோபம் வந்தது. "உனக்கு வந்த நல்ல இடம் போட்டுது. இனிச் சித்திரையில போய் உன்ர ஆய்வுகூடக் குழாயளோட குடும்பம் நடத்து."

"நடத்துறன்."

குசினியில் சிவமலர் கொழுக்கட்டைச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாயில் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

மணி அடித்தது. ஹெர் கெர்பர். காலையில் கத்திய மனிதர் இப்போது சிரித்துக்கொண்டு நின்றார். கையில் இவர்கள் வீட்டுத் தட்டு, துடைத்து வெறுமையாக. சண்முகலிங்கம் பயந்து "யா, யா" என்றான். அவர் கௌரியைப் பார்த்து டொச்சில் சொன்னார்.

"உங்கள் அண்ணன் மனைவியிடம் சொல்லுங்கள், வடைக்கு நன்றி. வியாழக்கிழமை அவர் என்னிடம் கேட்டபடியே இன்று வந்து சத்தம் போட்டேன், லொறி வரும் நேரமும் நான் சொன்னபடிதான். அடுத்த மாப்பிள்ளைக்கும் வரவேண்டுமென்றால் ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் போதும். பிறகு, அவருடைய டொச் உங்களுடையதைவிடத் திறம்."

குசினியில் பாட்டு நின்றுவிட்டது.

"என்னவாம் கௌரி?" என்றான் சண்முகலிங்கம்.

கௌரி அண்ணனின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சப்பாத்தை வாசலில வைக்கக் கூடாதாம் அண்ணா."