புரியலைன்னா பாஸ்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணு, கத்திரி வெயில் காலம். எங்க திண்டுக்கல்ல சர்வதேசக் கோடைகால ஜாஸ் விழா நடத்துறதுன்னு சர்க்கார் தீர்மானிச்சுச்சு.

மொதல்ல கொடைக்கானல்லதான் நடத்துறதா இருந்தாங்க. கோடைக் கலைத் துறைன்னு ஒண்ணு, அதுக்குத் தனி அதிகாரி சுருளிவேல். அவரு மலையேறிப் போயி, கம்பளியப் போத்திக்கிட்டு நல்லா ஆராஞ்சு, "இவ்விடத்தில் கோடை இருப்பதாகத் தெரியவில்லை"ன்னு மேலிடத்துக்கு எழுதிட்டாரு. கோடை இல்லாத ஊர்ல கோடை விழா நடத்துனா ஆடிட்ல கேக்க மாட்டாங்களா? எங்க ஊர்லதான் கோடை கொட்டிக் கெடக்கே. விழா இங்கிட்டு எறங்கிருச்சு.

இதுல மாட்டுனவன் என் சேக்காளி ராயப்பராஜ். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பேண்டு செட்டுல கிளாரினெட் ஊதுறவன். அவனும் ஆனந்தமேரியும் ஒருத்தர ஒருத்தர் விரும்புனாங்க. அவ அப்பா மரியசெல்வம் பூட்டுக்கடைக்காரரு. வாயை மட்டும் பூட்டுறதில்ல.

"ஏலே, பொணத்துக்கு முன்னாடி ஊதுற பயலுக்குப் பொண்ணு கெடையாது. வெளிநாட்டு வித்துவான் கூட ஒரே மேடையில ஏறி ஊது. மறுநாளே சாமியாருகிட்டச் சொல்லி மாதா கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்றேன்" அப்டின்னுட்டாரு.

மேடையேறணும்னா, வாசிக்கிறது ஜாஸ்தான்னு துறை சர்டிபிகேட் தரணும். அதுக்கு ஒரு குழு. குழுவுல ஒருத்தரும் ஜாஸ் கேட்டதே இல்ல.

"அப்பத்தான பாரபட்சம் இருக்காது" அப்டின்னாரு சுருளிவேல்.

"ஜாஸ்னா என்னங்கய்யா?"ன்னு நான் கேட்டேன்.

"கேட்டா நமக்குப் புரியணும், அது நம்ம சங்கீதம். புரியலைன்னா ஜாஸ்."

ராயப்பராஜ் உசுரக் குடுத்து ஊதுனான். பக்கத்துல நின்ன ஆபீஸ் சேவகன், டவாலி ஒச்சப்பன், மெய்மறந்து தலைய ஆட்டிப்புட்டான்.

"ஏன்யா ஆட்டுன?"ன்னாரு சுருளிவேல்.

"நல்லா இருந்துச்சுங்கய்யா."

"அப்பப் புரிஞ்சிருக்கு. பெயில்!"

ராயப்பராஜுக்கு வந்துச்சே கோவம். கெளம்புறதுக்காகக் குழலத் தலைகீழாக் கவுத்து, உள்ள இருந்த எச்சித் தண்ணிய 'புர்ர்ர்... பீங்'னு ஊதித் தள்ளுனான். குழு நிமிந்து உக்காந்துச்சு.

"ஒச்சப்பா, புரியுதா?"

"இல்லைங்கய்யா, வயித்தக் கலக்குது."

"பாஸ்!"

அன்னையிலருந்து ஊருக்கே வியாதி பிடிச்சுச்சு. காபி கிளப்புல மளிகைக்கடை பொம்மையன், "ஜாஸ்ல எனக்கு முக்காவாசி புரியல"ன்னு மீசையத் தடவுனாரு. "அம்புட்டுத்தானா? எனக்கு ஒரு பொட்டும் புரியல"ன்னாரு முத்துச்சாமி வாத்தியாரு. வாத்தியாருக்கு எந்திரிச்சு எடம் விட்டாங்க.

விழா அன்னைக்கு வெளிநாட்டுலருந்து மூணு பேரு வந்து எறங்குனாங்க. ஒருத்தரு கையில டிரம்பெட், ஒருத்தருக்கு டிரம், இன்னொருத்தரு கட்டிப்பிடிச்சு வந்தது ஆள் ஒசரத்துக்கு ஒரு பிடில். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான? அவங்களுக்கும் பரீட்சை வச்சாங்க.

வாசிக்க ஆரம்பிச்சதும் ஒச்சப்பன் தலை ஆடுச்சு. குழுவோட காலு ஆடுச்சு. சுருளிவேல் பென்சிலு தன்னால மேஜையில தாளம் போட்டுச்சு. அவரு பென்சில மொறைச்சாரு.

"மிகவும் வருந்துகிறோம். நல்லாப் புரிஞ்சிருச்சு."

மூணு பேரும் பெயில். தண்ணிப்பந்தல்ல உக்கார வச்சு மோர் குடுத்தாங்க. மேடையில ராயப்பராஜ் மட்டும் தனிமரமா நின்னான்.

"வித்துவான்க கீழ, நீ மேல. இதுல ஒரே மேடை எங்கலே இருக்கு?"ன்னாரு மரியசெல்வம்.

பய சும்மா இருப்பானா? குதிச்சான் கீழ. அந்த மூணு பேரு கூடச் சேந்து தண்ணிப்பந்தல்லயே ஊதுனான் பாருங்க, ஊரே ஆடுச்சு. மரியசெல்வம் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு முன்வரிசையில ஆடுனாரு. ஆடி முடிச்சு வேர்வையத் தொடச்சாரு.

"இந்தா பாரு, நீங்க ஊதுனது எனக்குப் புரிஞ்சிருச்சு. புரிஞ்சா ஜாஸ் இல்ல. ஜாஸ் இல்லைன்னா அவங்க வித்துவான் இல்ல. வித்துவான் இல்லாத ஆளு கூட நீ ஊதுனது கணக்குல சேராது. பொண்ணு கெடையாது."

"நியாயந்தான"ன்னுச்சு சனம். ராயப்பராஜ் கிளாரினெட்ட உறையில போட்டுட்டான்.

கூட்டத்துலருந்து ஆனந்தமேரி எந்திரிச்சா. "அப்பா, நீங்க இப்பச் சொன்னது எனக்கு ஒரு மண்ணும் புரியல."

சுருளிவேல் துள்ளி ஓடி வந்தாரு. "அட, எனக்குந்தான்மா புரியல! ஒச்சப்பா?"

"சத்தியமா இல்லைங்கய்யா."

"பாஸ்!"

மரியசெல்வத்துக்கு மாலையப் போட்டு மேடையில ஏத்திட்டாங்க. மனுசன் மொகத்துல பெட்ரோமாக்ஸ் எரிஞ்சுச்சு. "பக்கவாத்தியம் யாரு?"ன்னாரு மிடுக்கா.

"பாஸ் பண்ணது ராயப்பராஜ் ஒருத்தந்தான்" அப்டின்னாரு சுருளிவேல்.

"அம்மாம் பெரிய வித்துவான் பக்கத்துல அசலான் உக்காரலாமா?"ன்னு ஆனந்தமேரி இழுத்தா. "சொந்தபந்தமா இருந்தாத்தான மரியாதை?"

மரியசெல்வம் மாலையச் சரிபண்ணிக்கிட்டாரு. பெறகு கையை நீட்டுனாரு. "ஏறுங்க மாப்ளே!"

மாமனாரு பேசப் பேச, மாப்பிள்ளை எச்சித் தண்ணிய ஊதி ஊதித் தள்ளுனான். ஊரு புரியாமக் கைதட்டுச்சு. நானுந்தான் தட்டுனேன், தட்டலைன்னா புரிஞ்சிருச்சும்பாங்க. மூணு வெளிநாட்டுக்காரங்களும் மோர் டம்ளரோட வாயப் பொளந்து நின்னாங்க.

"அவங்களுக்குப் புரியுதான்னு கேளுப்பா"ன்னாரு சுருளிவேல் எங்கிட்ட.

கேட்டேன். "நோ"ன்னாங்க.

அன்னைக்கே மேலிடத்துக்குத் தந்தி பறந்துச்சு: "விழா சர்வதேச அளவில் வெற்றி."