சிவப்புக் கோடு விழாத பிழை

கண்டி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஃபாஸில் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் றலியாவும் சுகம். திகனயில் நீங்களும் மைனியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். உடம்புக்கு ஒன்றுமில்லை நானா, முகத்தைத்தான் வெளியே காட்ட முடியவில்லை.

எங்கள் மொழிபெயர்ப்புக் கந்தோரில் ஆறு கம்ப்யூட்டர். அவற்றுக்கு மடுல்கெல்லயும் தெரியாது, நம்முடைய திகனயும் தெரியாது. ஊர்ப்பெயர் அடித்தால் பிழையென்று சிவப்புக் கோடு போடும். பத்து வருடமாக அப்படியான சொற்களை என் கம்ப்யூட்டரின் அகராதியில் ஒவ்வொன்றாகச் சேர்த்து வந்தேன். போன மாதம் மெனேஜர் அஸ்ஃபர், "மஹ்மூத் நானாட லிஸ்ட எல்லா மெஷினுக்கும் போடுங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வட்டிலப்பம் வாங்கிப் போனேன்.

அதற்கு முன்பு ஒருநாள் நான் 'மதிப்பிற்குறிய' என்று அடிக்க, கோடு விழுந்தது. புதிதாகச் சேர்ந்த நிலூஷா, மடுல்கெல்லப் பிள்ளை, "சேர், அது சின்ன ரி தானுங்களே?" என்றாள். "மதிப்பு பெருசு, அப்ப றியும் பெருசுதான்!" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லி, அந்தச் சொல்லையும் அகராதியில் ஏற்றினேன். கோடு மறைந்தது. கம்ப்யூட்டரே ஒத்துக்கொண்டது என்று பெருமை வேறு.

நேற்று ஒரு பள்ளிக்கூட அதிபர், நாங்கள் அடித்துக்கொடுத்து அச்சான பரிசளிப்பு விழா அழைப்பிதழ் நானூறையும் பெட்டியோடு திருப்பிக் கொண்டுவந்தார். பிரதம அதிதியின் பெயருக்கு முன்னால் பெரிய றி! அடித்தது நிலூஷா. அவசரத்தில் கை தவறியிருக்கிறது. கோடு விழுந்திருந்தால் கண்டிருப்பாள். என் புண்ணியத்தில் விழவில்லை.

"கோடு விழல்லியா?" என்று அஸ்ஃபர் சத்தம் போட்டார்.

"விழலீங்க சேர்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "சின்ன ஆக்கள், கவனம் காணாது" என்றேன். என் வாய்தான் நானா, வேறு யாருடையதும் இல்லை.

அவள் அகராதியைத் திறந்தாள். மடவளை, மடுல்கெல்ல, அடுத்தது அது. என்னை ஒரு தடவை பார்த்தாள். மூடினாள். "என் பிழைதாங்க சேர்" என்று அஸ்ஃபரிடம் சொல்லிவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாளைக்கு உண்மையைச் சொல்லிவிட்டு ராஜினாமாக் கடிதம் கொடுக்கப்போகிறேன். உங்கள் இரும்புக்கடையில் ஒரு மூலையில் கதிரை போட்டுத் தாருங்கள். ஆணி நிறுப்பதில் எழுத்துப்பிழை வராது.

மைனிக்கு ஸலாம். பிள்ளைகளுக்கு அல்லாஹ் நல்ல படிப்பையும், என்னைவிடப் பணிவான நாக்கையும் கொடுக்கட்டும்.

வெட்கத்துடன்,
உங்கள் தம்பி மஹ்மூத்

பி.கு.: தபாலில் போடுமுன் கந்தோருக்குப் போய் வந்தேன். எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லி, நிலூஷாவிடம் மன்னிப்புக் கேட்டு, ராஜினாமாக் கடிதத்தை நீட்டினேன். அஸ்ஃபர் அதை வாசிக்காமல், "பிழை பாத்துத் தாங்க" என்று அவளிடமே கொடுத்தார். அவள் நான்கு பிழை பிடித்தாள். "இத இப்படியே குடுக்க ஏலாதுங்க சேர்" என்று மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். எப்போது திருத்தித் தருவாய் என்று கேட்டேன். "அவசரமில்லீங்க சேர்" என்கிறாள். ஆகையால் கடையில் எனக்காக யாரையும் வேலையிலிருந்து நிறுத்திவிடாதீர்கள்.